மீரான் போட்ட முட்டுக்கட்டை

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. என் அப்பா எனக்கு வைத்த பெயர் அறிவுக்கொடி. இந்தப் பெயரோடு கோயில் வாசலில் போய் நின்றால் சாமியே சிரித்துவிடும் என்று தோழிகள் கேலி செய்வார்கள். ஆனால் என் பிழைப்பு முழுக்கச் சாமியோடுதான். மதக் கலவரம் நடந்த ஊர்களுக்கு அகமானியைத் தூக்கிக்கொண்டு போவேன். கைதானவர்கள் தலையில் அதை மாட்டி, இந்த ஆள் தீ வைத்தது நம்பிக்கையாலா, ஆதாயத்துக்காகவா என்று சான்றிதழ் கொடுப்பேன். ஜனங்கள் அதை அகமானி என்று சொல்வதில்லை. சாமி மிஷின் என்பார்கள்.

பார்க்க பைக் ஹெல்மெட் மாதிரி இருக்கும். சம்பவ நாளின் ஒலிகளை ஒவ்வொன்றாகக் காதில் போடுவோம். திரையில் இரண்டு கோடுகள் ஓடும். ஒன்று நம்பிக்கைக் கோடு, மற்றது ஆதாயக் கோடு. எது ஏறுகிறதோ அதுதான் அன்றைக்கு அந்த ஆளை ஓட்டியது.

ஆலடிப்பேரி எனக்குப் பதின்மூன்றாவது ஊர். முந்தைய பன்னிரண்டு ஊர்களிலும் நம்பிக்கைக் கோடுதான் ஏறியது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. உலகத்தில் நடந்த பாதிச் சண்டைக்குக் காரணம் மதம்தான் என்று அப்பா சோற்றோடு சேர்த்து ஊட்டியிருந்தார். மிஷின் அதை நிரூபித்துக்கொண்டே வந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

விசாரணைக் கமிஷன் தலைவர் வேதரத்தினம், ஓய்வுபெற்ற நீதிபதி. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. முதல் நாளே என்னிடம் கேட்டார்.

"இந்தச் சட்டமெல்லாம் நான் ரிட்டயரான பிறகு வந்ததும்மா. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நம்பிக்கைன்னு நீங்க சான்றிதழ் குடுத்தா என்ன ஆகும்?"

"உணர்ச்சிவசப்பட்டு செஞ்சுட்டாங்கன்னு எச்சரிச்சு விட்டுடுவாங்க சார். நம்பிக்கையைச் சீண்டினவருக்கு மட்டும் பத்து வருஷம்."

"அதாவது அந்த மீரானுக்கு."

"ஆமா சார். தேரை மறிச்சவர் அவர்தானே."

"ஆதாயம்னு குடுத்தா?"

"திட்டம் போட்டது யாருன்னு தேடணும். கேஸ் இழுக்கும்."

"அப்ப யாருக்குமே ஆதாயம்கிற சான்றிதழ் பிடிக்காது" என்று சொல்லிவிட்டுக் கிராம்பைக் கடித்தார்.

நடந்தது இதுதான். பங்குனியில் ஆலடியம்மன் தேரோட்டம். கீழரதவீதித் திருப்பத்தில், பள்ளிவாசலுக்கு முன்னால், தேர் நின்றது. அடுத்த பத்தாவது நிமிடம் சுற்றுப்பட்டு ஊர்களின் செல்பேசிகளில் ஒரு பெண் குரல் பரவியது. "மீரான் முட்டுக்கட்ட போட்டுட்டாவ. தேரு நின்னுட்டு." அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் லாரிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கடைகள் எரிந்தன. மீரானின் மர அறுவை மில் எரிந்தது. மூன்று பேர் செத்தார்கள். மீரான் ஐந்து மாதமாகச் சிறையில். காவல் நிலையத்தில் அவர் கொடுத்த வாக்குமூலம் ஒற்றை வரிதான்: "ஆமாம், முட்டுக்கட்டை போட்டது நான்தான்." அதை எழுதிக்கொண்ட அதிகாரி வேறு மாவட்டத்துக்காரர். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று அடியில் கோடு போட்டிருந்தார்.

கைதான பத்தொன்பது பேரையும் மூன்று நாளில் முடித்தேன். எல்லோரும் இருபதிலிருந்து முப்பது வயது. அந்தக் குரலைக் காதில் போட்டதும் பத்தொன்பது பேருக்கும் நம்பிக்கைக் கோடு விறுவிறுவென்று ஏறியது. ஆதாயக் கோடு தூங்கியது. குரல் யாருடையது என்று கேட்டால் மட்டும் எல்லோரும் தெரியாது என்றார்கள். அதுவும் முக்கியமான கேள்விதான். கலவரச் செய்தியின் மூலக் குரலுக்கு, உள்நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏழு வருஷம் என்று சட்டம் சொல்கிறது.

"இந்தப் பத்தொன்பது பேர்ல அன்னைக்கு வடம் பிடிச்சவன் எத்தனை பேர்?" என்று வேதரத்தினம் கேட்டார்.

பட்டியலைப் பார்த்தேன். ஒருவனும் இல்லை. எல்லோரும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள்.

"தேரை நிறுத்திட்டாங்கன்னு கொந்தளிச்சவன் ஒருத்தன்கூடத் தேரை இழுக்கலை. இழுத்துட்டு இருந்தவன் ஒருத்தன்கூடக் கல்லைத் தொடலை. உங்க மிஷின்கிட்ட இதைக் கேளுங்க."

எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது.

நான்காம் நாள் காலை, யாரும் கூப்பிடாமல் ஒரு அம்மா வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். சத்துணவுக் கூடத்துச் சாம்பார் வாசனை சேலையில் அப்படியே இருந்தது. பெயர் உலகம்மாள், அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகச் சத்துணவு சமைப்பவர் என்றார். பிறகு சொன்னார்:

"அந்தக் கொரலு என் கொரலுதான்யா."

வேதரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மா, யோசிச்சுப் பேசுங்க. ஏழு வருஷம்."

"தெரியும்யா. படிச்சவங்க சொன்னாவ. அஞ்சு மாசமா எனக்குச் சோறு எறங்கல. மீரான் அண்ணன் உள்ள இருக்காவ, நான் வெளிய ஒலை வச்சுக்கிட்டு இருக்கேன்."

"மீரான் தேரை மறிச்சார்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. "எப்பம்மா நான் மறிச்சாவன்னு சொன்னேன்? முட்டுக்கட்ட போட்டாவன்னுல்லா சொன்னேன்."

"முட்டுக்கட்டைன்னா இடைஞ்சல்தானே?"

"அட போம்மா! நீ தேர கண்ணால பாத்ததே இல்லயா?" கையை நீட்டி, மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை என் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் சரித்து வைத்துக் காட்டினார். "இந்தா, இந்த பாட்டிலுதான் சக்கரம், இது கட்ட. தேருக்கு பிரேக்கும் கெடையாது, ஸ்டியரிங்கும் கெடையாது. திருப்பத்துல சக்கரத்துக்கு அடியில கட்டைய போட்டுத்தான் நிப்பாட்டணும், கட்டைய போட்டுத்தான் திருப்பணும். போடலன்னா தேரு நேரா பள்ளிவாசலுக்குள்ள போயிரும். இழுக்கவன் நாலு பேரு சக்கரத்துல கெடப்பான். எங்க ஊருல அந்தக் கட்டைய அறுக்கதும் போடுதும் மீரான் அண்ணன் குடும்பம்தான். அவிய பாட்டையா காலத்துலேருந்து. ஊருக்காரவுக சொன்னதெல்லாம் அந்த அதிகாரி காதுல ஏறல."

வேதரத்தினம் வாயில் இருந்த கிராம்பை வெளியே எடுத்தார். "நாற்பது வருஷம் கோர்ட்ல இருந்தேன். 'எதிர்த்தரப்பு முட்டுக்கட்டை போடுகிறது'ன்னு ஆயிரம் தீர்ப்புல எழுதியிருப்பேன். கட்டைன்னு ஒண்ணு நிஜமாவே இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"நான் அனுப்புனது முழுசா இதான்யா. 'மீரான் முட்டுக்கட்ட போட்டுட்டாவ, தேரு நின்னுட்டு, பானக்காரத்தக் கொண்டாங்க.' தேரு திரும்பி நின்னாத்தான் இழுத்தவுகளுக்கு வெல்லம் கரைச்ச பானக்காரம் குடுப்போம். எங்க குழுவுல ஏழு பேரு. எவனோ வாலை நறுக்கிட்டான்."

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே கேட்டுவிட்டேன்.

உலகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "செத்த மூணு பேருல ஒருத்தன் என் தம்பி. பதினஞ்சு வருஷமா திருப்பூருல இருந்தவன், திருநாளுக்கு வந்தான். வீட்டுல படுத்துக் கெடந்தவன் என் கொரலக் கேட்டுட்டுத்தான் மில்லுக்குத் தீ வைக்கப் போனான். கூரை அவன் மேலயே விழுந்துட்டு. நான் இத வெளிய சொன்னா என் தம்பி சாமிக்காகச் சாவல, ஒரு பானக்காரத்துக்காகச் செத்தான்னு ஆயிரும். எங்க அம்மா என் கால்ல விழுந்து சொல்லாதன்னா. அதான் அஞ்சு மாசம். இனிமே முடியாதும்மா."

நான் நிறைய வாக்குமூலங்கள் கேட்டிருக்கிறேன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு இழை, அடுத்தவனைக் குத்த ஒரு இழை இல்லாத வாக்குமூலத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எழுந்து அந்த அம்மாவைக் கும்பிடலாம் போலிருந்தது. அறிவுக்கொடி என்பதால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சொல்வது உண்மையா என்று பார்க்க மிஷினை அவர் தலையில் மாட்டினேன். தேரோட்டத்துச் சத்தங்களைப் போட்டேன். சங்குக்கும் நாதஸ்வரத்துக்கும் கோடு மெதுவாக ஏறி இறங்கியது. பிறகு சக்கரத்தடியில் மீரான் போடும் கூச்சல் வந்தது: "வெலகு, வெலகு, போட்டாச்சு!" நம்பிக்கைக் கோடு திரையின் உச்சியைத் தொட்டது.

"இப்ப மனசுல எந்தச் சாமி வந்தது?" என்று கேட்டேன்.

"சாமி எங்கம்மா வந்துது? மீரான் அண்ணன் அங்கன நிக்காவன்னா சக்கரம் ஒருத்தன் கால்லயும் ஏறாது. அந்த நெனப்புதான்."

எனக்குத் தலைக்குள் ஏதோ சறுக்கியது. அகமானியைத் தமிழுக்குப் பழக்கிய குழுவில் நானும் இருந்தேன். இருநூறு பேரை உட்கார வைத்து, 'உங்கள் நம்பிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லித்தான் அந்தக் கோட்டை வரைந்தோம். கடவுளை நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். பெற்ற தாயை, ஊர் டாக்டரை நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். நம் மொழியில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எங்கள் மிஷின் இத்தனை நாளாகப் பக்தியை அளக்கவே இல்லை.

அன்று மதியமே பத்தொன்பது பேரையும் திரும்ப வரவழைத்தேன். அதே வார்த்தைகளை வேறொரு பெண்ணைப் பேசவைத்துக் காதில் போட்டேன். கோடு படுத்துக்கொண்டது. "மீரான் முட்டுக்கட்ட போட்டுட்டாவ" என்ற சொற்களுக்கு ஒருவனுக்கும் ஒன்றும் ஏறவில்லை. அடுத்து உலகம்மாள் குரலில், "எல, சோறு ரெடி, வரிசையா வாங்க" என்று போட்டேன். பத்தொன்பது பேருக்கும் கோடு உச்சிக்கு ஓடியது. ஒருவன் அழுதேவிட்டான்.

எட்டு ஊருக்கும் சேர்த்து அந்த ஒரு பள்ளிதான். அத்தனை பேரும் அவர் கையால் தின்று வளர்ந்தவர்கள். முதல் நொடியிலேயே குரலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் குரல் பொய் சொல்லாது என்றுதான் லாரியில் ஏறியிருக்கிறார்கள். அந்தக் குரலை மாட்டிவிடக் கூடாது என்றுதான் ஐந்து மாதமாகத் தெரியாது என்கிறார்கள். தீ வைத்தவர்கள்மேல் எனக்கு மரியாதை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அன்றைக்குக் கொஞ்சம் வந்தது, பொய் சொல்வானேன்.

பானக்காரக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் தளவாய். வெல்லம் உபயம் அவர்தான். அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவர். சம்மன் போனதும் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து, சாமி மிஷினைத் தானே எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

நறுக்கிய குரலைப் போட்டேன். அவருக்கும் நம்பிக்கைக் கோடு ஏறியது.

"பாத்தியளா? எனக்கும் பக்திதான்" என்று சிரித்தார்.

வேதரத்தினமும் சிரித்தார். "சந்தேகமே இல்லை. ஆனா ஒண்ணுதான் புரியலை. ஊர்ல எத்தனையோ பேர் தேரைப் பத்திப் பேசியிருப்பாங்க. உங்க கட்சியிலயே நல்லாப் பேசறவங்க இருக்காங்க. அவங்க பேச்சுக்கெல்லாம் லாரி வரலை. இந்த அம்மா பேச்சுக்கு எப்படி வந்தது?"

"எங்க கட்சிக்காரன் பேசுனா எவன் சார் நம்புவான்? இது உலகம்மா அக்கா கொரலுல்லா. அக்கா சொன்னா எட்டு ஊரும் கண்ண மூடிக்கிட்டு நம்பும். அதுக்குத்தானே..."

வாக்கியம் அங்கேயே நின்றது. திரையில் அவருடைய ஆதாயக் கோடு மெதுவாக எழுந்து நடக்க ஆரம்பித்தது. அவர் செல்பேசியிலிருந்து முழுக் குரலையும் நறுக்கிய குரலையும் எடுக்க ஒரு நாள் பிடித்தது.

மீரான் விடுதலையானார். நான் என் அறிக்கையை எழுதினேன். அகமானி கடவுள் நம்பிக்கையையும் மனிதர்மேல் வைக்கும் நம்பிக்கையையும் பிரித்தறியாது, ஆகவே நான் முன்பு கொடுத்த பன்னிரண்டு சான்றிதழ்களும் செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உலகம்மாளைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பேனா என்று தெரியாது. வேலை போனது. பன்னிரண்டு ஊர்களிலும் ஒவ்வொரு மீரான் உள்ளே இருக்கிறார் என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆனால் மூலக் குரல் சட்டம் அப்படியே இருந்தது. உலகம்மாள்மேல் வழக்கு வந்தது. அவர் கோர்ட்டில் முதல் நாளே ஒப்புக்கொண்டார். ஒப்புதல் மட்டும் போதாது, நறுக்கிய பதிவைக் கேட்டு இரண்டு சாட்சிகள் குரலை அடையாளம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அரசு வக்கீல் அந்தப் பத்தொன்பது பேரையும் வரிசையாகக் கூண்டில் ஏற்றினார். நம்பிக்கைச் சான்றிதழ் கிடைக்காமல் போனதால் அவர்கள் எல்லோர்மேலும் தீ வைப்பு வழக்கு பாய்ந்திருந்தது. குரலை அடையாளம் சொன்னால் தண்டனை பாதியாகும் என்று ஆசையும் காட்டப்பட்டது.

முதல் ஆள் கேட்டான். "தெரியாதுய்யா."

இரண்டாவது ஆளும் தெரியாது என்றான். ஏழாவது ஆள் வரும்போது உலகம்மாளால் பொறுக்க முடியவில்லை.

"என்னல, சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லுதிய! இதுக்கால ஒங்களுக்குச் சோறு போட்டேன்?"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. அதே குரல். ஏழாவது ஆள் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாதுய்யா" என்றான். பத்தொன்பதாவது ஆள்வரை அப்படியே போயிற்று. ஆளுக்கு நான்கைந்து வருஷத் தண்டனைக் குறைப்பை விட்டுக்கொடுத்து அவர்கள் சொன்ன அந்தச் சொல்லை அளக்க எந்த மிஷினும் வேண்டியிருக்கவில்லை.

வக்கீல் கடைசியாக மீரானைக் கூப்பிட்டார். இந்தக் குரலால் மில்லையும் ஐந்து மாதத்தையும் இழந்தவர், இவராவது சொல்வார் என்று நினைத்திருப்பார். அவர் சொன்னால் உடனே என்னையும் கூப்பிட்டு இரண்டாவது சாட்சியாக்குவார் என்று எனக்குத் தெரியும். கமிஷனில் அந்தக் குரலை நேரில் கேட்டவள் நான்.

மீரான் ஒல்லியான மனிதர், அறுபதைத் தாண்டியவர். பதிவை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார்.

"இது யார் குரல்?" என்றார் வக்கீல்.

"தெரியும்யா" என்றார் மீரான்.

உலகம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டதை நான் பார்த்தேன்.

"சொல்லுங்க, யாரு?"

"நான் மரம் அறுக்கவன்யா. மரம் இருக்க மட்டும் அது வேம்பு, இது புளின்னு பேரு உண்டு. அறுத்துப் போட்டுட்டா மரத்துக்குப் பேரு கெடையாது. அது அறுத்தவன் சரக்கு. அந்தப் பலகைய வச்சு ஒருத்தன் தொட்டிலு செஞ்சாலும் சரி, பாடை செஞ்சாலும் சரி, வேப்பமரத்தப் புடிச்சு ஜெயில்ல போடுவியளா? எங்க ஒலகம்மா பேசுனதுல பானக்காரம் உண்டு. இதுல இல்ல. இது தளவாய் கொரலுய்யா. அவன் பேர எழுதிக்கிடுங்க."

நீதிபதி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். நறுக்கியவனே மூலக் குரல் என்று தீர்ப்புச் சொல்லி உலகம்மாளை விடுவித்தார். அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் இப்போது என் பன்னிரண்டு ஊர்களின் வழக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள்.

அன்று உலகம்மாள் வெளியே வந்து நேராகப் போலீஸ் வேன் பக்கம் போனார். ஜன்னல் கம்பிக்குள் பத்தொன்பது தலைகள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவும் செய்தார். பிறகு சேலை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மில்லக் கட்டிக் குடுக்க மீரான் அண்ணனுக்கு ஆளு வேணும். வெளிய வந்ததும் பத்தொம்பது பேரும் அங்க வந்து நிக்கணும், கேட்டியளா? மத்தியானம் சோறு நான் கொண்டாருதேன்."

"சரிக்கா" என்றார்கள். ஒரே குரலாகத்தான் கேட்டது.